எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்கள்: பயத்தில் மறைப்பவையும் சொல்ல வேண்டியவையும்

எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் முதலில் செய்வது, விஷயத்தை வெளியே விடாமல் வைத்துக்கொள்வது. அடுத்தது, மயக்க மருந்து டாக்டர் கேட்கும்போது குறட்டையை மறைப்பது. "கேன்சல் பண்ணிடுவாங்களோ" என்று புகையிலையை மறைப்பார்கள், தூக்க மாத்திரையை மறைப்பார்கள், தெரிந்த வைத்தியர் கொடுத்த சூரணத்தை மறைப்பார்கள். கடைசி வாரம் டயட்டை விட்டுவிட்டு "கரெக்டா இருந்தேன் சார்" என்பார்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது பயம். பயப்பட்டதால் ஆபரேஷன் கெட்டதாக யாரும் சொல்வதில்லை. பயந்து மறைத்ததுதான் ஆபத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஆகவே கீழே வருவதில் பாதி பதற்றத்தைத் தணிக்கிற வழி, மீதிப் பாதி வாய் திறந்து சொல்ல வேண்டியவை.

"வயித்தையே வெட்டி எடுக்கிறாங்களாம்" என்பது மட்டும் தெரிந்திருந்தால், மீதியை ராத்திரி மனசு தானாகவே வரைந்துகொள்ளும். அதனால் நடப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்லீவ் என்ற வகை ஆபரேஷன் என்றால் வயிற்றில் 5 முதல் 12 மி.மீ. அளவில் நாலைந்து துளை போட்டு, கேமரா வழியே பார்த்து, இரைப்பையில் 75 முதல் 80 சதவீதத்தை ஸ்டேப்ளரால் பிரித்து வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு குழாய் மாதிரி நிற்கும். ஒன்று, ஒன்றரை மணி நேர வேலை. இன்னொரு வகை இரைப்பை பைபாஸ். அதில் இரைப்பையை வெளியே எடுப்பதில்லை. மேல்பக்கம் சுமார் 30 மி.லி. கொள்ளும் சின்னப் பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைப்பார்கள். அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். இந்த நேரக் கணக்கு உள்ளே படுத்திருப்பவரைவிட வெளியே உட்கார்ந்திருப்பவருக்கே அதிகம் வேண்டும். மயக்கம் கொடுக்கவும், தெளிந்து வெளியே கொண்டுவரவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஒன்றரை மணி நேர ஸ்லீவே மூன்று நான்கு மணி நேரம் ஆகும். "ஒரு மணி நேரம்னுதானே சொன்னாங்க" என்று இரண்டாவது மணியில் வெளியே அழுகை கிளம்புவது இதைச் சொல்லி வைக்காததால்தான்.

உயிர் பயத்துக்கும் ஒரு அளவு உண்டு. அனுபவமுள்ள மையங்களில் முதல் 30 நாளில் உயிரிழப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று; பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடக்கூடிய அளவு. ஸ்லீவில் ஸ்டேப்ளர் கோட்டில் கசிவு வருவது நூற்றில் ஒன்று என்ற அளவில் இருக்கிறது. ஆனால் இது சராசரி. எடை மிக அதிகமாக இருந்து, தூக்கத்தில் மூச்சுத் தடையும் கட்டுப்படாத சர்க்கரையும் கூடவே இருப்பவருக்குக் கணக்கு வேறு. "எனக்கு எவ்வளவு?" என்று கேட்டால் எண்ணாகப் பதில் சொல்கிற சர்ஜன் நல்ல சர்ஜன்.

2024-ல் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த ஆபரேஷனுக்குச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் உயிரிழந்த செய்தியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். வீட்டில் யாராவது அதைக் கட்டாயம் எடுத்துப் போடுவார்கள். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டதும் அந்த மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டதும் அதே செய்தியில் இருந்தவை. அந்தப் பயத்தைக் கேள்வியாக மாற்றி டாக்டரிடம் கொண்டுபோங்கள். இதே கட்டடத்தில் ஐ.சி.யூ. இருக்கிறதா? ராத்திரி இரண்டு மணிக்கு என்னைப் பார்க்கப்போவது எந்த டாக்டர்? ரத்தம் எங்கிருந்து வரும்? வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், அதில் எத்தனை பேரை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது? சிக்கல் வந்தால் ஆகும் செலவு பேக்கேஜுக்குள் வருமா? முகம் சுளிக்காமல் பதில் வருகிற இடத்தில் செய்துகொள்ளுங்கள். நம் பக்கத்திலிருந்து மதுரையும் திருச்சியும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேர ஓட்டம்தான். இரண்டு இடத்தில் கேட்டு முடிவெடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பணத்தைப் பற்றிய பதற்றம் வெளியே சொல்லப்படுவதே இல்லை. ஆபரேஷன் தேவையா என்பதற்கு மருத்துவத்தில் ஒரு அளவுகோல், இன்சூரன்ஸில் வேறு அளவுகோல். 2022-ல் வந்த உலகளாவிய வழிகாட்டுதல், பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 35-க்கு மேல் இருந்தால் கூடவே வேறு நோய் இல்லாவிட்டாலும் ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம் என்கிறது. ஆசிய உடம்புக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்கிறது. இன்சூரன்ஸ் பாலிசிகளுக்கு அந்தத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விதி வேறு: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது 35-க்கு மேல் இருந்து இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத் தடை, கட்டுப்படாத சர்க்கரை போன்றவை இருக்க வேண்டும். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 35 என்றால் ஏறத்தாழ 90 கிலோ, 40 என்றால் 102 கிலோ. டாக்டர் சரி சொல்லிவிட்டாரே என்று அட்மிஷன் கவுண்டரில் போய் நின்று, அங்கே கேஷ்லெஸ் மறுக்கப்படுவது பெரிய அடி. அனுமதியை ஒரு வாரம் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். டயட்டில் இளைத்துவிடுவீர்கள் என்பதால், டயட் தொடங்கும் முன் மருத்துவமனையில் எடுத்த எடையும் உயரமும் ஃபைலில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஈரல் டயட்

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் தினம் 800 முதல் 1000 கலோரி, அரிசியும் சர்க்கரையும் கிட்டத்தட்ட இல்லை என்று ஒரு தாள் கொடுப்பார்கள். எதற்கு என்று சொல்லாமல் கொடுக்கப்படும்போது இது தண்டனை மாதிரித் தெரியும். காரணம் இதுதான்: ஈரலின் இடது பாகம் இரைப்பைக்கு மேலே கவிந்து கிடக்கிறது. கொழுப்பு ஏறிய ஈரல் பெரிதாக, கனமாக, தொட்டால் கிழிந்து ரத்தம் வரும் பக்குவத்தில் இருக்கும். அதைத் தூக்கிப் பிடித்தால்தான் சர்ஜனுக்கு இரைப்பையின் மேல் முனை தெரியும். மாவுச்சத்தைக் குறைத்தால் ஈரலில் சேர்ந்திருக்கும் கிளைகோஜனும் அதோடு ஒட்டிய தண்ணீரும் வடிந்து, பிறகு கொழுப்பும் கரைந்து ஈரல் சுருங்கும். சுருங்காவிட்டால் ஆபரேஷன் நேரம் நீளும், ரத்தப்போக்கு கூடும், சில சமயம் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடிவிடுவார்கள்.

நம் ஊரில் இதில் நடக்கும் தப்பு எப்போதும் ஒரே மாதிரிதான். எண்ணெய், நெய், கறியை நிறுத்திவிட்டு இடியாப்பமும் இட்லியும் ரசஞ்சாதமும் சாப்பிட்டு "பத்தியமா இருக்கேன்" என்பார்கள். ஈரலை ஊதவைப்பது அந்த இடியாப்பம்தான். கோழியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி வேகவைத்தது 100 கிராமில் ஏறத்தாழ 30 கிராம் புரதம் இருக்கிறது. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பிரட்டினால் செட்டிநாட்டு நாக்குக்கும் குறை இருக்காது. சைவம் என்றால் பனீர் 100 கிராமுக்கு 18 முதல் 20 கிராம், முட்டை சாப்பிட்டால் ஒன்றுக்கு 6 கிராம். கீரை, சுரைக்காய், புடலங்காய், வெள்ளரி வயிறு நிறைய. தேங்காய்ப்பால், கவுனி அரிசி, பழச்சாறு கிடையாது. தண்ணீர், நீர்மோர், தெளிந்த சூப் எல்லாம் சேர்த்து இரண்டு முதல் இரண்டரை லிட்டர். மோரிலும் சூப்பிலும் உப்பை அடியோடு குறைத்துவிட வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் தடை சொல்லியிருந்தால் அதன்படி.

முதல் மூன்று நான்கு நாள் தலைவலி, எரிச்சல், கை நடுக்கம், சின்ன விஷயத்துக்கும் அழுகை எல்லாம் வரும். இதைப் பலர் "மனசுக்கு ஏதோ படுது, வேண்டாம்னு சகுனம்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். உடம்பு மாவுச்சத்திலிருந்து கொழுப்புக்கு மாறும் இடைவெளி அது. கூடவே காபியையும் ஒரே நாளில் நிறுத்தியிருந்தால் தலைவலி இரட்டிப்பாகும். டயட் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரண்டு நாளைக்கு ஒரு அரை டம்ளராகக் குறைத்து வாருங்கள்.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் இங்கே கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். சாப்பாடு பாதியாகக் குறையும்போது இன்சுலினும் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரையும் பழைய அளவிலேயே போனால் சர்க்கரை தாழும். வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, நடுக்கம், காரணமில்லாத பயம் என்று தாழ்சர்க்கரையின் அறிகுறி ஒவ்வொன்றும் பதற்றத்தின் அறிகுறி மாதிரியே இருக்கும். எனவே இந்த இரண்டு வாரமும் படபடப்பு வந்தால் மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் விரலைக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். அதன்பின் டாக்டரைக் கூப்பிட்டு மருந்தளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையில் வேறொரு ஆபத்து. சாப்பாடு குறைந்த உடம்பில் அது சர்க்கரை அளவு சரியாகக் காட்டும்போதே ரத்தத்தை அமிலமாக்கிவிடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் என்று தெரியும். ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன் நிறுத்துவது வழக்கம். இந்த டயட்டோடு சேரும்போது அதற்கும் முன்பே நிறுத்தச் சொல்லலாம். டயட் தாளை வாங்கும்போதே மாத்திரை அட்டைகளையும் மேஜை மேல் வைத்துவிடுங்கள்.

கடைசிப் பந்தி என்கிற நினைப்பும் ஒன்று உண்டு. தேதி குறித்ததிலிருந்து டயட் தொடங்கும் வரை வரிசையாகக் கல்யாணம், அறுபதாம் கல்யாணம், புதுமனை என்று இலை விழும். வெள்ளைப் பணியாரத்தைப் பார்க்கும்போது "இனிமே இது கிடையாது" என்று தொண்டை அடைக்கும். நாலுக்குப் பதில் எட்டு உள்ளே போகும். ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் எடை கூடுவதற்கு இது முக்கியமான காரணம். இந்த நினைப்புக்கு ஆதாரம் இல்லை. திரவம், கூழ், குழைவு என்று ஆறேழு வாரம் கடந்தால் சாதாரணச் சாப்பாடு சிறிய அளவில் வந்துவிடும்; ஆறு மாசம் கழித்து பந்தியில் உட்கார்ந்து ஒரு பணியாரத்தைத் துவையலோடு மெதுவாகச் சாப்பிடலாம். கந்தரப்பம், பால் பணியாரம் மாதிரி இனிப்புகளில்தான் கவனம். பைபாஸ் செய்தவருக்குச் சாப்பிட்ட அரை மணிக்குள் நெஞ்சு அடித்து, வியர்த்து, வயிறு போகும். அதன் பெயர் டம்பிங். பிள்ளையார் நோன்புக்கு இழை (இனிப்பு மாவில் திரி வைத்து ஏற்றியது) எடுத்துக்கொள்ளும் நாள் டயட்டுக்குள் வந்தால் டயட்டீஷியனிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இழையில் ஈரல் வீங்கிவிடாது.

மயக்க மருந்து டாக்டரிடம்

அவர் கேட்கும் ஒவ்வொன்றும் ஒரு மருந்தை, ஒரு குழாயை, ஒரு படுக்கையை முடிவு செய்கிறது. குறட்டை இருக்கிறதா என்பதற்கு உங்களைவிடப் பக்கத்தில் படுப்பவர் நல்ல சாட்சி. அவரையும் கூட்டிப் போங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் தூக்கச் சோதனை செய்து, முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் சிபேப் மெஷின் கொடுப்பார்கள். ஆபரேஷனுக்கு முன் சில வாரம் அதைப் போட்டுத் தூங்கப் பழகியவருக்குப் பிறகு மூச்சுச் சிக்கல் குறைவு. சொந்த மெஷினையே மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

சிகரெட்டை ஆறு வாரம் முன்பே விட வேண்டும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் இதே கணக்குத்தான், ஏனென்றால் புண் ஆறுவதைக் கெடுப்பது நிக்கோடின். விட முடியவில்லை என்றால் அதைச் சொன்னால் தேதியைத் தள்ளுவார்கள், அவ்வளவுதான். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் எடுப்பவர் தானாக நிறுத்தவும் கூடாது, தானாகத் தொடரவும் கூடாது. இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு செய்யட்டும். லேகியம், சூரணம், எடை குறைக்கும் பவுடர் எதுவானாலும் டப்பாவோடு காட்டுங்கள். செமாகுளூட்டைடு மாதிரி ஊசி போட்டுக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது இரைப்பை காலியாவதைத் தாமதிக்கும், பட்டினி இருந்தும் உள்ளே சாப்பாடு மிச்சம் இருக்கலாம்.

மனநல மருந்துகளை மறைப்பவர்கள் ரொம்ப அதிகம். எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் வகையைப் பெரும்பாலும் ஆபரேஷன் நாள் வரை தொடரச் சொல்வார்கள். பயந்து திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் ஆபரேஷன் வாரத்திலேயே வந்து நிற்கும். அல்பிரசோலம், க்ளோனாசெபாம் எடுப்பது தெரியாமல் மேலே மயக்க மருந்தும் வலி மருந்தும் ஏறினால் மூச்சு மந்தமாகும். நாள்பட எடுத்ததைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரி தூக்கம் வரவில்லை என்று வீட்டிலிருக்கும் யாருடைய மாத்திரையையும் போட வேண்டாம்.

நல்ல நாள் பார்ப்பதும் இந்த இடத்தில்தான் வருகிறது. அஷ்டமி, நவமி கூடாது என்றால் தேதி குறிக்கும் அன்றே சர்ஜனிடம் இரண்டு மூன்று நாள் கேட்டு வாங்கி, ஜோசியரிடம் காட்டி, ஒன்றைச் சொல்லிவிடுங்கள். மனசு அடங்கும் என்றால் அதில் தவறில்லை. தியேட்டருக்குள் எத்தனை மணிக்குப் போவீர்கள் என்பதை மட்டும் யாரும் உறுதி தர முடியாது. முன்னால் போனவரின் ஆபரேஷன் நீண்டால் உங்களுடையது ராகுகாலத்தில் விழலாம். அதை முதலிலேயே ஆச்சியிடமும் சொல்லிவையுங்கள். மாதவிலக்கு அன்று வந்துவிடுமோ என்று மருந்துக் கடையில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிப் போடுவது வழக்கமாக இருக்கிறது. போட வேண்டாம். மாதவிலக்கு ஆபரேஷனுக்குத் தடை இல்லை. ஹார்மோன் மாத்திரை ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். அதிக எடை, அசையாத படுக்கை இரண்டும் ஏற்கெனவே அந்த வாய்ப்பைக் கூட்டியிருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையையே ஒரு மாசம் முன்பு நிறுத்தச் சொல்கிறார்கள். அதற்கு மாற்று வழியையும் அன்றே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் எடை குறையத் தொடங்கியதும் கரு தங்கும் வாய்ப்பு கூடும். 12 முதல் 18 மாசத்துக்குக் கர்ப்பம் கூடாது.

வீட்டில் யாரிடம் சொல்வது

ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்று பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்: கையெழுத்துப் போடுபவர், கூட இருப்பவர், வீட்டில் அடுப்பைப் பார்ப்பவர். அடுப்பைப் பார்ப்பவருக்குச் சொல்லாமல் ஈரல் டயட் இருக்கவே முடியாது. பெரியவர்களிடம் சொல்லும்போது எடையை முன்னால் வைக்காதீர்கள். "நல்லாச் சாப்பிட்ட உடம்புடா, இதுக்குப் போய் கத்தி வைக்கணுமா" என்றுதான் அப்பத்தா கேட்பார். "சக்கரைக்காக டாக்டர் சொல்றார் அப்பத்தா, கால்ல புண்ணு வர்றதுக்கு முன்னாடி செஞ்சிக்கணும்" என்றால் அவருக்கும் புரியும், அது பொய்யும் இல்லை. விவாதம் நீண்டால் "எங்க அண்ணன்கிட்ட கேளுங்க, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று ஒருவரைக் கைகாட்டிவிடுங்கள். அந்த ஒருவரே ஆபரேஷன் அன்று எல்லா போனையும் எடுக்கட்டும். தனக்குத் தெரிந்த யாரோ செத்துப்போன கதையைச் சொல்ல வருபவரைப் பாதியில் நிறுத்துவது மரியாதைக் குறைவு ஆகாது.

மனநல மதிப்பீட்டுக்குப் போவதைப் பாஸ், ஃபெயில் பரீட்சையாக நினைத்துப் பதில்களை ஒப்பித்துப் போகிறார்கள். அங்கே பார்ப்பது: ராத்திரியில் கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது உண்டா, குடி உண்டா, மனச்சோர்வு உண்டா, வைட்டமின் மாத்திரையை ஆயுள் முழுக்கப் போடத் தயாரா என்பவைதான். பைபாஸுக்குப் பிறகு மது வேகமாக ஏறும், குடிக்கு அடிமையாகும் வாய்ப்பும் கூடும். ஆபரேஷனுக்குப் பின் ஒரு சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடுவதும் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் முன்பே கேட்கிறார்கள். இப்போதே அப்படி எண்ணம் வருகிறது, பல ராத்திரி தூக்கமே இல்லை, திடீர் திடீரென்று மூச்சடைத்துச் சாகப்போகிறேன் என்று தோன்றுகிறது என்றால் சொல்லுங்கள். சிகிச்சை கொடுத்துவிட்டுச் செய்வார்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

உடம்பைப் பழக்குவது

மிஞ்சியிருக்கும் பயத்தை உடம்பு வழியாகத்தான் பிடிக்க வேண்டும். மூக்கால் நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஐந்து நிமிஷம், காலையும் இரவும். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் இதில் சூட்சுமம், நெஞ்சுத் துடிப்பை இறக்குவது அது. தியேட்டர் வாசலில் முதல் தடவை செய்து பார்த்தால் வேலை செய்யாது. இரண்டு வாரமாவது பழகியிருக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு இருபது நிமிஷம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, மனசில் வருவதை மூன்று பகுதியாக எழுதுங்கள்: டாக்டரிடம் கேட்க வேண்டியது, நான் செய்ய வேண்டியது, என் கையில் இல்லாதது. ராத்திரி ஏதாவது தோன்றினால் "நாளைக்கு அஞ்சு மணிக்கு" என்று தள்ளிவிடுங்கள். மூன்றாவது பகுதி நீங்கள் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கும்.

மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை முன்பே வாங்கிவிடுங்கள். பலூன் ஊதுவது மாதிரி அதில் ஊதுகிறவர்கள்தான் பாதிப்பேர். அது உறிஞ்சுகிற கருவி. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாய்க்குழாயைப் பல்லுக்கு வெளியே உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுங்கள். பந்து ஏறும் குழாய்களில் 600, 900, 1200 என்று போட்டிருக்கும். மூன்றாவது பந்தை வெடுக்கென்று துள்ளவைப்பதைவிட முதல் இரண்டை மூன்று விநாடி மேலேயே நிறுத்துவது நுரையீரலுக்கு நல்லது. விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தடவை. தலை சுற்றினால் நடுவே ஓய்வு. ஆபரேஷன் முடிந்த நாலு மணி நேரத்தில் இதே கருவியைக் கையில் கொடுப்பார்கள், எழுப்பி நடக்கவும் விடுவார்கள். பெரிய வீடு இருப்பவருக்கு வளவை (வீட்டு நடுமுற்றத்தை)ச் சுற்றி நடப்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது. வெயிலில்லை, தூணைப் பிடித்துக்கொள்ளலாம், யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை.

முந்தைய நாளும் அன்றும்

சம்மதப் படிவத்தின் நகலை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். அட்மிஷன் ராத்திரி முதல் தடவையாக "மரணம் உட்பட" என்ற வரியைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியாது. மூக்குத்தித் திருகு வருஷக்கணக்கில் கழற்றாமல் இறுகிப்போயிருந்தால் நாலு நாள் முன்பே நகை செய்யும் பத்தரிடம் போய்த் தளர்த்திக்கொள்ளுங்கள். தியேட்டர் வாசலில் நர்ஸ் சோப்புத் தண்ணீரோடு போராடுவது பயத்தை இரட்டிப்பாக்கும். உலோகம் உடம்பில் இருந்தால் மின்கருவியால் சூடுபடலாம் என்பதால்தான் கழற்றச் சொல்கிறார்கள். தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று முன்பே கேட்டால் பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். விரல் நுனியில் மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம். ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கிளிப் தடுமாறும்.

வெறும் வயிறு என்றால் சாதாரணமாகக் கெட்டி உணவுக்கு 6 முதல் 8 மணி நேரம், தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம். உங்கள் மருத்துவமனை இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அதுவே கணக்கு. பால் காபி தண்ணீர்க் கணக்கில் வராது, அதற்கும் 6 மணி நேரம். பயத்தில் வாய் வறண்டு ஒரு டம்ளர் குடித்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் ஏறினால் நிமோனியா வரும். ஆபரேஷனைச் சில மணி நேரம் தள்ளிவைப்பது அதைவிட எவ்வளவோ மேல். காலையில் எந்த மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போடுவது, எதை விடுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

தியேட்டர் குளிரும். நெஞ்சில் ஸ்டிக்கர், கையில் பி.பி. பட்டை, காலில் அமுக்கி அமுக்கி விடும் உறை, முகத்தில் மாஸ்க். மருந்து ஏறும்போது கை நரம்பில் சில விநாடி எரியும். அது இயல்பு. விழிக்கும்போது தொண்டை வலி, குமட்டல், தோள்பட்டையில் ஒரு குத்தல் இருக்கும். வயிற்றை உப்ப வைக்க விட்ட கார்பன் டை ஆக்ஸைடு உதரவிதானத்தை உறுத்துவதுதான் தோளில் தெரிகிறது. நடக்க நடக்கக் குறையும். இதைத் தெரியாதவர் ஹார்ட் அட்டாக் என்று கத்துவார். கடைசி நிமிஷம் வரை "வேண்டாம்" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. சளி, காய்ச்சல் இருந்தால் நீங்களே சொல்லித் தள்ளிப்போடுங்கள்.

முதல் இரண்டு மூன்று வாரத்தில் "ஏன்தான் செஞ்சோமோ" என்று பலருக்கும் தோன்றும். சாப்பிட முடியாது, ஆறுதலுக்கு இருந்த ஒன்றும் போய்விட்டது, உடம்பில் தெம்பில்லை. இது வரும் என்று ஆபரேஷனுக்கு முன்பே கூட இருப்பவரிடம் சொல்லிவைத்தால் அவர் பதறமாட்டார். பார்க்க வருபவர் கொண்டுவரும் ஹார்லிக்ஸ், சாத்துக்குடியைப் பிள்ளைகள் சாப்பிடட்டும்.

ஒன்றை மட்டும் பதற்றம் என்று ஒதுக்க விடாதீர்கள். நாடித்துடிப்பு ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் 120-க்கு மேல் நிற்பது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, குறையாத இடது தோள் வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது: இவை கசிவோ ரத்தக்கட்டியோ ஆக இருக்கலாம், இல்லை என்று சர்ஜன் சொல்லும் வரை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகும் இது வரலாம். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ காரில் திரும்பும்போது மணிக்கு ஒரு தடவை நிறுத்தி ஐந்து நிமிஷம் நடங்கள். சிங்கப்பூர், மலேசியா திரும்ப வேண்டியவர் நீண்ட விமானப் பயணத்தைச் சில வாரம் தள்ளி, சர்ஜனிடம் கேட்டு டிக்கெட் போடுங்கள். ஊரில் அவசரத்துக்குப் பக்கத்து கிளினிக்குக்குப் போக நேர்ந்தால் "வெறும் வாயு" என்று ஊசி போட்டு அனுப்பிவிட வாய்ப்புண்டு; "ஸ்லீவ் பண்ணி எட்டு நாளாச்சு" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, அங்கிருந்தே சர்ஜனுக்கு போன் போட்டுக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் படம் இரண்டு பேர் போனில் இருக்கட்டும், சர்ஜனின் இரவு நேர எண் கூட இருப்பவர் போனில் முதல் எண்ணாக இருக்கட்டும்.